மழையைவிட ஆற்றில் அதிகத் தண்ணீர் ஓடுகிறது: பனியாற்றுப் படுகைக்கு நீண்டகால நீர்க்கணக்கு எப்படிப் போடுவது?

#1 நீர்க்கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். பனியாறுகள் உள்ள ஒரு மலைப் படுகையின் (ஒரே ஆற்றுக்குத் தண்ணீர் வடியும் பரப்பு) முப்பது வருடத் தரவோடு இரண்டு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கணக்கு உதைக்கிறது.

பாடத்தில் படித்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெய்தது = ஓடியது + ஆவியானது + இருப்பில் (மண்ணிலும் நிலத்தடியிலும் பனியிலும் தங்கும் நீரில்) ஏற்பட்ட மாற்றம். ஒரு வருடத்தில் இருப்பு ஏறும், அடுத்த வருடம் இறங்கும், முப்பது வருடம் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் சரிக்கட்டிப் போய்விடும், அதனால் அந்தக் கடைசி உறுப்பைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சமவெளி ஆறுகளுக்கு இத்தனை நாள் செய்து வந்தேன். இங்கே அப்படிப் போட்டால், மழைமானி காட்டும் அளவில் ஆவியாதலைக் கழித்த பிறகு மிஞ்சுவதைவிட ஆற்றில் ஓடியது அதிகம். ஏதோ ஒரு வருடம் அல்ல, கிட்டத்தட்ட எல்லா வருடமும்.

மழையளவை ஒரு எண்ணால் பெருக்கி ஏற்றிவிட்டால் கணக்கு நேராகிவிடுகிறது. கூட வேலை செய்பவர்கள் அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 பனிமேடு

மனசு ஒப்பாதது நல்லது. அந்தப் பெருக்கலைச் செய்துவிடாதீர்கள், செய்த நிமிடமே உங்கள் படுகையில் நடக்கும் மிகப் பெரிய விஷயம் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும்.

இருப்பு மாற்றம் நீண்டகாலத்தில் பூஜ்யம் என்பது மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் ஓரளவு பொருந்தும். பனியாற்றுக்குப் பொருந்தாது. பனியாறு பத்து, இருபது, ஐம்பது வருடம் தொடர்ந்து ஒரே பக்கமாகப் போகும், இப்போது உலகம் முழுக்க இழக்கும் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது. 2000 முதல் 2019 வரை உலகின் பனியாறுகள் (கிரீன்லாந்து, அண்டார்க்டிகாவின் பெரும் பனிவிரிப்புகளைச் சேர்க்காமல்) ஆண்டுக்குச் சராசரியாக 267 பில்லியன் டன் இழந்தன என்று 2021இல் வந்த கணிப்பு சொல்கிறது. அத்தனையும் எங்கோ ஒரு ஆற்றிலோ கடலிலோ தண்ணீராகப் போய்ச் சேர்ந்ததுதானே.

ஒரு உதாரணத்துக்கு எண்களை நானே வைத்துக்கொள்கிறேன், கையால் போட்டுப் பாருங்கள். படுகை 100 சதுர கி.மீ. அதில் பனியாறு 20 சதுர கி.மீ. பனியாறு வருடத்துக்கு 0.6 மீட்டர் நீரளவு (இழந்த பனியை உருக்கினால் நிற்கும் தண்ணீரின் உயரம்) மெலிகிறது. 20 சதுர கி.மீ.க்கு அது 1.2 கோடி கன மீட்டர். இதைப் படுகை முழுக்கப் பரப்பினால் 120 மி.மீ. ஆற்றில் வருடத்துக்கு 1000 மி.மீ. ஓடுகிறது, மழைமானி 950 காட்டுகிறது, ஆவியாதல் 250 என்று வைத்தால் துண்டு விழுவது 300. அதில் 120 பனியாற்றின் கைமுதல். மீதி 180 மழைமானி பிடிக்காமல் விட்டது.

நண்பர்கள் சொன்னபடி முழு 300-ஐயும் மழையில் ஏற்றினால் கணக்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் வற்றிக்கொண்டிருக்கும் 120 மி.மீ. வருடா வருடம் வானத்திலிருந்து வருவதாக எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த எண்ணை நம்பி யாராவது அணையோ மின்நிலையமோ திட்டமிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

#3 ஆற்றோரம்

நான் நீரியல் படித்தவன் இல்லை, பாசனம் பக்கம். ஒரு சந்தேகம். பனி உருகி ஆற்றில் தண்ணீர் கூடுகிறது என்றால் கீழே இருப்பவர்களுக்கு நல்லதுதானே? நீங்கள் சொல்லும் தொனி ஏதோ இழவு விழுந்த மாதிரி இருக்கிறது. இருபது வருடப் பதிவைப் பார்த்தால் பல இடத்தில் வரத்து கூடித்தான் இருக்கிறது.

#4 பனிமேடு

கூடித்தான் இருக்கும், அதை யாரும் மறுக்கவில்லை. வட்டியில் வாழ்கிறோமா, கைமுதலை எடுத்துத் தின்கிறோமா என்பதுதான் கேள்வி.

மேலே போட்ட உதாரணத்தையே கொஞ்சம் ஓட்டுங்கள். பனியாறு 20-லிருந்து 14 சதுர கி.மீ. ஆகச் சுருங்குகிறது, வெப்பமும் ஏறியதால் இப்போது 0.8 மீட்டர் மெலிகிறது. பெருக்கினால் 1.12 கோடி கன மீட்டர். முன்பைவிடக் குறைவு. அப்புறம் 8 சதுர கி.மீ., மெலிவது ஒரு மீட்டர்: 0.8 கோடி. சதுர மீட்டருக்கு உருகுவது ஏறிக்கொண்டே போகிறது, மொத்தம் இறங்குகிறது, ஏனென்றால் உருகுவதற்குப் பரப்பு இல்லை. ஏறும் காலத்துக்கும் இறங்கும் காலத்துக்கும் நடுவில் உள்ள அந்த உச்சியைத்தான் உச்ச நீர் என்கிறோம்.

பெருவின் கோர்டில்லேரா பிளாங்கா மலைத்தொடரில் ஒன்பது படுகைகளை ஆராய்ந்து 2012இல் எழுதினார்கள், ஏழு படுகைகள் ஏற்கெனவே உச்ச நீரைத் தாண்டிவிட்டன, வறண்ட மாதங்களின் வரத்து இறங்கத் தொடங்கிவிட்டது. அங்கே மழையில்லாத மாதங்களில் சாந்தா ஆற்றை நம்பிப் பாசனமும் மின்சாரமும் இருக்கின்றன. பெரிய பனியாறுகள் உள்ள ஆசிய மலைப் படுகைகள் பலவற்றில் உச்சம் இந்த நூற்றாண்டின் நடுவாக்கில் வரும் என்கிறார்கள். அதனால் நீங்கள் பார்த்த பதிவு பொய்யில்லை, உச்சிக்கு ஏறும் பாதியை மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

இன்னொன்று, மொத்த அளவைவிட எந்த மாதம் என்பது முக்கியம். ஐரோப்பாவில் மழை பொய்த்த 2003 கோடையில் பனியாறு அதிகமுள்ள ஆல்ப்ஸ் ஓடைகள் பெருகி ஓடின, பனியாறு இல்லாத ஓடைகள் சுருங்கின. வறட்சி வருடத்தில் கைகொடுப்பதுதான் பனியாற்றின் வேலை, அது இல்லாமல் போனால் சராசரி வருடத்தில் பெரிதாகத் தெரியாது, கெட்ட வருடத்தில் தெரியும்.

#5 ஆற்றோரம்

சரி, இப்போது புரிகிறது. கடைசியில் சொன்ன கெட்ட வருட விஷயம் எங்கள் பக்கம் யாரும் பேசவே மாட்டார்கள், சராசரி வரத்தை மட்டும்தான் கேட்பார்கள்.

#6 கழிநடுபவள்

பனிமேடு சார் சொன்ன அந்த 180 மி.மீ. பற்றி நான் சொல்கிறேன், அதுதான் எனக்குக் கையோடு தெரிந்த விஷயம்.

மழைமானி மழையைப் பிடிக்கும், பனியைப் பிடிக்காது. முகடு ஒட்டி வைத்த மானிப் பக்கத்தில் பனி பெய்யும்போது நின்று பாருங்கள். துகள் நேராக விழாது. காற்று மானியின் விளிம்பில் மோதி மேலே தூக்கும், பனித்துகள் அந்தக் காற்றோடு வாயைத் தாண்டி அப்பால் போய்விடும். ஈரப்பனியாக இருந்தால் வேறு தொல்லை, விளிம்பில் ஒட்டி ஒட்டி வாய்மேல் தொப்பி மாதிரி மூடிக்கொள்ளும், அதற்குப் பிறகு விழுவதெல்லாம் வெளியே. வெயில் வந்ததும் அந்தத் தொப்பி மொத்தமாக உள்ளே விழும், பதிவில் பளிச்சென்று வெயிலடித்த நாளில் பனி பெய்ததாக இருக்கும். காற்று பலமான இடத்தில் பெய்த பனியில் பாதிகூடப் பதிவாகாது.

அதைவிடப் பெரிய பிரச்சினை மானி இருக்கும் இடம். போக வர வசதி என்று எல்லா மானியும் பள்ளத்தாக்கில் இருக்கிறது. பனி குவிவது அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் மேலே. நாங்கள் வசந்த முடிவில் மேலே போய்க் குழி வெட்டுவோம். போன வருடப் பனியின் அழுக்குப் படிந்த மேற்பரப்பு தட்டுப்படும்வரை வெட்டி, சுவரில் மேலிருந்து கீழாக உலோகக் குழாயைச் செருகிச் செருகி எடுத்து எடை போடுவோம். இரண்டு மீட்டர் ஆழப் பனி, கன மீட்டருக்கு 400 கிலோ என்று வந்தால் 800 மி.மீ. தண்ணீர், ஒரே குளிர்காலத்தில். கீழே பள்ளத்தாக்கு மானியைப் பார்த்தால் வருடம் முழுவதற்கும் அதில் பாதி இருக்காது. முதல் தடவை அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது நான்தான் தப்பாக எடை போட்டுவிட்டேன் என்று நினைத்து இன்னொரு குழி வெட்டினேன். அதே எண் வந்தது.

#7 வடதிசை

இதற்கு வட பாகிஸ்தானின் ஹுன்சா ஆற்றைவிட நல்ல உதாரணம் கிடையாது. காரகோரம் மலையில் கில்கிட் நகரத்துக்கு ஆண்டு மழை 150 மி.மீ. அளவுக்கு மேல் வராது, பாலைவனம் மாதிரி. பக்கத்தில் ஹுன்சா ஆறு ஓடுகிறது. அதன் வருடாந்திர நீரைப் படுகை முழுக்கப் பரப்பிப் பார்த்தால் அதைப்போல சில மடங்கு வருகிறது.

இதைப் பார்த்ததும் ‘பனியாறு உருகி ஓடுகிறது’ என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் காரகோரம் பனியாறுகள் மற்ற இடங்களைப் போல வேகமாகச் சுருங்கவில்லை, சில முன்னேறக்கூடச் செய்தன. பனியாற்று ஆய்வாளர் கென்னத் ஹியூயிட் 2005இல் இதற்குக் காரகோரம் முரண் என்று பெயர் வைத்தார். பனியாறு கிட்டத்தட்டச் சமநிலையில் இருந்துகொண்டு இவ்வளவு தண்ணீரையும் தருகிறது என்றால், மேலே அவ்வளவு பனி பெய்தாக வேண்டும், வேறு வழியே இல்லை. மேல் சிந்துப் படுகைக்கு 2015இல் இப்படிப் பின்பக்கமாகக் கணக்கிட்டார்கள், பனியாற்றின் நிலையிலிருந்தும் ஓடுநீரிலிருந்தும் பொழிவைத் தேடினார்கள். வழக்கமான மழைத் தரவுகள் சொல்வதைவிட இரு மடங்குக்கும் அதிகமாக அங்கே பெய்கிறது என்று வந்தது.

ஆக #1இல் உள்ள துண்டுக்கு இரண்டு விளக்கம் உண்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒன்றில் தண்ணீர் நிலைத்து வரும், ஒன்றில் தீர்ந்து போகும். ஆற்றில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

#8 நீர்க்கணக்கு

இந்தக் கடைசி வரி என்னை உலுக்கிவிட்டது. என்னிடம் இருப்பது ஆற்றளவும் பள்ளத்தாக்கு மானிகளும் மட்டும்தான். அப்படியானால் இதை வைத்துக்கொண்டு எது எவ்வளவு என்று பிரிக்கவே முடியாதா?

#9 பனிமேடு

அவை இரண்டை மட்டும் வைத்து முடியாது. ஒரு சமன்பாடு, தெரியாதது இரண்டு. மூன்றாவதாகப் பனிக்கட்டி எவ்வளவு குறைந்தது என்பதைத் தனியாக அளந்தாக வேண்டும்.

நேரடி வழி, பனிக்கட்டியில் துளையிட்டுக் கழி நட்டு, பனி உருக உருக அது எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளப்பது, கழிநடுபவள் செய்வது. ஸ்வீடனின் ஸ்டோர்கிளேசியாரன் பனியாற்றில் 1940களின் நடுவிலிருந்து விடாமல் அளக்கிறார்கள். இமயமலையில் அவ்வளவு நீண்ட தொடர் இல்லை. இமாசலப் பிரதேசம் லாஹௌல்-ஸ்பிதியின் சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2002 முதல் நடக்கிறது, அங்கே சராசரியாக வருடத்துக்கு அரை மீட்டர் நீரளவுக்குச் சற்றுக் குறைவாக இழப்பு. கிர்கிஸ்தானின் அப்ரமோவ் பனியாற்றில் 1960களின் கடைசியில் தொடங்கி முப்பது வருடம் அளந்தார்கள், 1999இல் நிலையம் அழிந்தது, 2011இல்தான் மறுபடி தொடங்க முடிந்தது. நடுவில் விட்டுப்போன அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

உங்கள் படுகையில் கழி இல்லை என்றால் உயர வரைபடங்களைக் கழித்துப் பாருங்கள். 1970களில் எடுத்த அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் ஹெக்சகனின் படங்கள் இப்போது பொதுவில் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து அன்றைய பனிப்பரப்பின் உயரத்தைக் கணக்கிட்டு இன்றைய உயரத்தோடு ஒப்பிடலாம். 2019இல் இப்படி இமயமலையின் 650 பனியாறுகளை ஆராய்ந்ததில், 1975-2000 காலத்தைவிட 2000-2016 காலத்தில் இழப்பின் வேகம் இரு மடங்கானது தெரிந்தது.

இரண்டு இடத்தில் கவனம் தேவை. உயரம் குறைந்ததைத் தண்ணீராக மாற்ற அடர்த்தி வேண்டும், கன மீட்டருக்கு 850 கிலோ என்று வைப்பது வழக்கம், ஐந்து வருடத்துக்குக் குறைவான இடைவெளிக்கு அதை நம்பாதீர்கள். அப்புறம் 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து எடுத்த ரேடார் உயரத் தரவு. காய்ந்த குளிர்காலப் பனியில் ரேடார் அலை மேற்பரப்பில் நிற்காமல் உள்ளே சில மீட்டர் இறங்கிவிடும், அதனால் அந்த வருடப் பரப்பு உண்மையைவிடத் தாழ்வாகத் தெரியும். திருத்தாமல் விட்டால் 2000-க்குப் பிந்தைய இழப்பு குறைவாக வரும்.

ஈர்ப்பு விசையை வைத்து நிறையை அளக்கும் கிரேஸ் செயற்கைக்கோளை யாராவது சொல்லுவார்கள். அது சில நூறு கி.மீ. அகலத்துக்குத்தான் பார்க்கும், 100 சதுர கி.மீ. படுகைக்கு ஒன்றுக்கும் உதவாது.

#10 மாடல்காரி

நான் மாடல் பக்கம், மழையையும் வெப்பத்தையும் கொடுத்து ஆற்றில் எவ்வளவு ஓடும் என்று கணினியில் கணக்கிடுவது. இதில் என் சொந்த அனுபவத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

சில வருடம் முன் ஒரு வேலையில் மாடலை ஆற்றளவுக்கு மட்டும் பொருத்திக் கொடுக்கச் சொன்னார்கள். பொருத்தினேன். கோடு கோடாக ஒட்டிக்கொண்டது, ஏற்ற இறக்கமெல்லாம் அப்படியே. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அப்புறம் சும்மா ஒரு ஆர்வத்தில் மாடலுக்குள் இருந்த பனியாறு என்ன ஆகிறது என்று வரைந்து பார்த்தேன். வருடா வருடம் தடித்துக்கொண்டே போகிறது. படத்தில் அதே பனியாற்றின் நுனி பின்வாங்கிப் புதிதாக ஒரு ஏரியே உருவாகியிருக்கிறது. மாடலில் பொழிவும் அதிகம், உருகுவதும் குறைவு, ஒரு தப்பு இன்னொரு தப்பை மூடிவிட்டது. ஆற்றளவு அதைக் காட்டிக்கொடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு மூன்றையும் சேர்த்துப் பொருத்தாமல் எதையும் கொடுப்பதில்லை: ஆற்றளவு, பனியாற்றின் நிறை மாற்றம், கோடையில் வெண்பனி (பெய்து இன்னும் கட்டியாக இறுகாத பனி) மூடிய பரப்பு எப்படிப் பின்வாங்குகிறது என்ற செயற்கைக்கோள் படம். பொருத்தத்தின் மதிப்பெண் கொஞ்சம் இறங்கும். இறங்கட்டும்.

உருகும் வேகத்துக்கு ஒரே எண் போட்டுவிடாதீர்கள். புது வெண்பனி தன்மேல் படும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும், வெறும் பனிக்கட்டி 30, 40 சதவீதம்தான், அதனால் அதே வெப்பத்தில் பனிக்கட்டி இரு மடங்கு வேகத்தில் உருகலாம். கல்லும் மண்ணும் மூடிய பனியாறு என்றால், மெல்லிய தூசி உருகலைக் கூட்டும், சில சென்டிமீட்டருக்கு மேல் தடித்த கற்போர்வை குறைக்கும்.

#11 வடதிசை

ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. ‘இந்த ஆற்றில் 40 சதவீதம் பனியாற்றுத் தண்ணீர்’ என்று செய்தியில் வருகிறதே, அதை எதிலும் பயன்படுத்தாதீர்கள், எதைச் சொல்கிறார்கள் என்று பார்க்காமல். சிலர் பனியாற்றின் மேல் விழுந்து ஓடிய மழையையும் அந்த வருட வெண்பனியையும் சேர்த்துச் சொல்வார்கள். சிலர் பழைய பனிக்கட்டி உருகியதை மட்டும். பனியாறு நிலையாக இருந்தாலும் கீழ்ப்பகுதியில் பனிக்கட்டி உருகும், மேலே பெய்வது அதை ஈடுகட்டும், அது வட்டி. ஈடுகட்டாமல் போவதுதான் கைமுதல், அது மூன்றாவது எண், பெரும்பாலும் மிகச் சிறியது. ஒரே ஆற்றுக்கு மூன்று எண்ணும் உண்மையாக இருக்கலாம்.

எந்த இடத்தில் அளந்தது என்பதும் அப்படியே. மேல் சிந்துவில் 40 என்றால் மேல் கங்கையில் 11, 12 அளவுதான், அங்கே பருவமழை பெரியது. கீழே இறங்க இறங்க இன்னும் கரைந்துவிடும்.

#12 மாடல்காரி

முழுக்க ஒத்துக்கொள்கிறேன், ஒரே ஒரு இடத்தில் தவிர. மூன்றாவது எண் சிறியது என்று சொன்னது ஆண்டுச் சராசரிக்கு. மழை நின்று வெண்பனியும் தீர்ந்த கோடைக் கடைசியில், பனியாற்றுக்குப் பக்கத்தில், அதே எண் மிகப் பெரியது.

#13 ஆற்றோரம்

ஆவியாதலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

#14 பனிமேடு

குளிர்ந்த உயரத்தில் சிறியது, அதனால் பின்னால் தள்ளிவிட்டோம். வறண்ட உயர ஆண்டிஸ் மாதிரி இடங்களில் மட்டும் பதங்கமாதல் முக்கியம், பனி நேராக ஆவியாகப் போகும். ஒரு கிலோ பனியை உருக்குவதைவிட ஆவியாக்க எட்டு மடங்குக்கு மேல் ஆற்றல் வேண்டும், ஆகவே வெயில் அதில் செலவாகிவிட்டால் உருகி ஓடுவது குறைந்துபோகும். இன்னொன்று, பனி விலகிய இடத்தில் முதலில் வெறும் பாறை, பிறகு மண், பிறகு புல் புதர் என்று வரும்போது ஆவியாதல் மெல்ல ஏறும். முப்பது வருடத்துக்கு ஒரே எண் வைக்காதீர்கள்.

#15 நீர்க்கணக்கு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நீங்கள் சொன்னபடி செய்தேன்.

முதலில் கணக்கு வருடத்தை ஜனவரியிலிருந்து அக்டோபர் 1க்கு மாற்றினேன், உருகும் பருவம் முடியும் இடத்தில் வருடமும் முடியட்டும் என்று. அடுத்து முப்பது வருடத்தை ஒரே சராசரியாகப் போடாமல் இரண்டாக வெட்டினேன். வெட்டியதும் தெரிந்துவிட்டது. முதல் பாதியில் பனியாறு அதிகம் இழக்கவில்லை, ஆனாலும் துண்டு விழுகிறது, அதனால் அது பெரும்பாலும் மழைமானியின் குறை. அங்கே கிடைத்த திருத்தத்தை இரண்டாவது பாதிக்கும் வைத்தேன், மானிகள் அதே மானிகள், இடமும் அதே இடம். அப்போதும் மிஞ்சிய துண்டை உயர வரைபடத்தில் வந்த பனிக்கட்டி இழப்போடு ஒப்பிட்டேன். அச்சாகப் பொருந்தவில்லை, ஆனால் இரண்டின் பிழை வரம்புக்குள் வந்துவிட்டது.

ஆற்றளவு இரண்டு பாதியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பெய்தது குறைந்திருக்கிறது, அந்த இடத்தைப் பனியாறு நிரப்பியிருக்கிறது. முப்பது வருடமாக எல்லோரும் அந்த நேர்க்கோட்டைப் பார்த்து ‘வரத்து நிலையாக இருக்கிறது’ என்று எழுதி வந்திருக்கிறோம், நானும் சேர்த்துத்தான். அறிக்கையில் இதை முதல் பக்கத்திலேயே போடப் போகிறேன்.

ஒரு கேள்வி பாக்கி. கழி நட அனுமதி கிடைத்திருக்கிறது, முதல் தடவை. எத்தனை, எங்கே?

#16 கழிநடுபவள்

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. உயரத்துக்கு உயரம் பரவலாக நடுங்கள், நுனியில் கூட்டமாக வேண்டாம், நுனிக்கு ஏறுவது சுலபம் என்பதால் எல்லோரும் அங்கேயே குவிப்பார்கள். பத்து கழியில் ஆரம்பித்தாலும் போதும், வருடா வருடம் தவறாமல் படிப்பதுதான் முக்கியம். நீராவித் துளைப்பான் கிடைத்தால் எட்டு, பத்து மீட்டர் ஆழம் வரை இறக்குங்கள். நுனிப் பக்கம் ஒரு கோடையில் நாலு மீட்டர்கூடப் போகும், ஆழமில்லாமல் நட்டால் அடுத்த செப்டம்பரில் கழி பனிக்கட்டிமேல் படுத்துக் கிடக்கும், அந்த வருட எண் போச்சு.

மூங்கிலோ அலுமினியமோ, இரண்டு மீட்டர் துண்டுகளாக இணைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு துண்டிலும் எண்ணைப் பெயின்டில் எழுதாமல் செதுக்குங்கள், பெயின்ட் ஒரே கோடையில் உரிந்துவிடும். படிக்கும்போது கழியின் அடியில் கோப்பை மாதிரி உருகியிருக்கும், அந்தக் குழியின் அடியிலிருந்து அளக்காதீர்கள், ஒரு பலகையைக் குறுக்கே வைத்துப் பலகை மட்டத்திலிருந்து அளந்து எழுதுங்கள். செப்டம்பர் கடைசி வாரம், முதல் பெரிய பனி விழுவதற்கு முன்னால்.